வழுக்குவதற்கு ஒரு பந்தயம்

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம், நண்பர் ஒருவர் தம் பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பிள்ளை நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் படித்துவிட்டு, இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பவன். சாதுவான பையன், கணக்கில் கெட்டிக்காரன். அன்று அவன் நெற்றியில் ஒரு சிறு கட்டு இருந்தது. தகப்பனாரின் நெற்றியில் கட்டு ஒன்றும் இல்லை; ஆனால் அடிபட்டவர் அவர்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஸார், இவனுக்கு நீங்கள்தான் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லவேண்டும். நான் சொன்னால் காதில் ஏறவில்லை" என்றார் நண்பர்.

நடந்த சங்கதி இதுதான். விடியற்காலை நாலரை மணிக்கு, வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த சமயம், பையன் தகப்பனாரின் காரை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்துத் தார் போட்டிருக்கும் சாலைக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு திருப்பத்தில் வண்டியை வேகமாக விட்டுக் கைப்பிரேக்கைச் சடக்கென்று இழுத்திருக்கிறான். வண்டி கிறீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றி, விளக்குக் கம்பத்தில் போய் மோதிக்கொண்டு நின்றது. அந்தக் கம்பத்தடியில்தான் தினந்தோறும் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேன்களை இறக்கி, அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பால் அளப்பது வழக்கம். அவர் வருகிற நேரம் நாலே முக்கால்.

"எதற்காகடா அப்படிச் செய்தாய்?" என்று கேட்டோம்.

"டிரிஃப்ட் ஸார்" என்றான் பையன்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்து வருகிற நமக்கு, உபதேசம் என்பது ஒன்றும் சிரமமான காரியம் அல்ல. விஷயம் தெரியாமலே ஒரு மணி நேரம் செய்யக்கூடிய சாமர்த்தியமும் உண்டு. ஆனாலும் அன்று என்னவோ, முதலில் அதைத் தெரிந்துகொள்வோமே என்று தோன்றியது. பையனைக் கைப்பேசியில் காட்டச் சொன்னோம். தகப்பனார் இதை ரஸிக்கவில்லை. அன்றைக்கு அரை மணி பார்த்ததும், பிறகு ஒரு மாத காலம் நாமே தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்த வாரத்துக் கட்டுரை.

சிறு வயதில் நம்முடைய பெரியவர்கள் நமக்குச் சொன்ன புத்திமதிகளில் பாதிக்கு மேல், வழுக்காதே என்பதுதான். குளத்துப் படியில் வழுக்காதே, மழை பெய்த வரப்பில் வழுக்காதே, கிணற்றடிப் பாசியில் வழுக்காதே. இப்போது என்னடாவென்றால், வழுக்குவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பணம் கட்டிப் பெயர் கொடுத்து, யார் நன்றாக வழுக்கினார்கள் என்று மார்க்கு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்! இந்தப் பந்தயத்தின் பிறந்தகம் ஜப்பான் தேசம்.

மோட்டார் பந்தயம் என்றால் முதலில் வருகிறவன் ஜயித்தான் என்பது நமக்குத் தெரிந்த சாஸ்திரம். இதில் அந்தச் சாஸ்திரம் செல்லாது. வண்டி திருப்பத்துக்குள் நுழையும்போது அதன் பின் சக்கரங்கள் பிடிப்பை இழந்து வெளிப்புறமாக ஒதுங்கவேண்டும். ஒதுங்கிய வண்டி சுழன்றுவிடாதபடி, ஓட்டுகிறவர் ஸ்டீரிங்கை அதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பிடிக்கவேண்டும். சாலை இடது பக்கம் வளைகிறது. முன் சக்கரங்களோ வலது பக்கம் பார்க்கின்றன. வண்டி பக்கவாட்டில் போகிறது. ஓட்டுகிறவர் போகிற வழியைப் பார்ப்பது பல சமயங்களில் பக்கத்துச் சன்னல் வழியாகத்தான். இந்த நிலையிலேயே, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் குறைத்தும், ஒரு திருப்பத்திலிருந்து அடுத்த திருப்பத்துக்கு, பிடிப்பு ஒரு கணங்கூடத் திரும்பாமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். மழைக்காலத்தில் ஏரிக்கரை மேல் பாரவண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு, பின்பக்கம் 'ஒதுங்குகிற' அந்த வினாடியில் வயிற்றுக்குள் என்ன நேருகிறது என்பது தெரியும். அந்த வினாடியை அரை நிமிஷத்துக்கு நீட்டி வைத்திருப்பதுதான் டிரிஃப்ட்.

இதற்குப் பின் சக்கரம் தள்ளுகிற வண்டி வேண்டும். 1983-ம் வருஷம் மாருதி 800 வந்தது முதல், நம் நாட்டுக் குடும்பங்கள் வாங்குகிற சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன் சக்கரம் இழுக்கிற ஜாதி. நண்பரின் காரும் அதுவே. அதைக் கொண்டு கைப்பிரேக்கை இழுத்தால் ஒரு தரம் வால் சுழலும், அதோடு சரி. "நீ செய்தது டிரிஃப்டே அல்லவே அப்பா!" என்று நாம் சொன்னபோது பையன் முகத்தில் வந்த அவமானம், கம்பத்தில் மோதியதற்குக்கூட வரவில்லை. பழைய அம்பாஸிடர் கார் பின் சக்கரம் தள்ளுகிற வண்டிதான். ஆனால் அதில் பிரயாணம் செய்தவர்கள் யாரும் இந்த யோசனைக்கு இடம் கொடுக்கமாட்டார்கள். அந்த வண்டியின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது.

ஜப்பானில் இந்த வித்தைக்கு ஆதிகுருவாகக் கருதப்படுகிறவர் குனிமிட்ஸு தகஹாஷி. இவர் முதலில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1961-ம் வருஷம் மேற்கு ஜெர்மனியில் ஹோண்டா வண்டியில் ஓடி ஜயித்து, உலக மோட்டார் சைக்கிள் பந்தய வரிசையில் முதல் வெற்றி பெற்ற ஜப்பானியர் என்ற பெயர் எடுத்தார். அடுத்த வருஷமே ஐல் ஆஃப் மான் தீவுப் பந்தயத்தில் விழுந்து பலத்த காயம் பட்டார். பிறகு கார் பந்தயத்துக்கு மாறியவர், 1970-களில் திருப்பங்களில் வண்டியைப் பக்கவாட்டில் ஒதுக்கி, வேகம் குறையாமல் கொண்டுபோவதை வழக்கமாக்கிக்கொண்டார். ஜனங்கள் புகையையும் கிறீச்சொலியையும் கண்டு ஆரவாரம் செய்தார்கள். 2022-ல், எண்பத்திரண்டாவது வயதில், அவர் காலமானார்.

கூட்டத்தில் நின்று ஆரவாரம் செய்வதோடு திருப்தியடையாத வாலிபர்கள் சிலர் எல்லாத் தேசத்திலும் இருப்பார்கள். நாகானோ ஜில்லாவைச் சேர்ந்த கெயிச்சி ட்ஸுச்சியா என்பவர் அப்படிப்பட்டவர். ஜப்பான் மலை நாடு. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கணவாய்ச் சாலைகள் பாம்பு போல் வளைந்து வளைந்து செல்லும். பந்தய மைதானத்துக்குப் பணம் கட்ட வகையில்லாத பையன்களுக்கு இரவு நேரத்தில் அந்தச் சாலைகளே மைதானம். ட்ஸுச்சியாவும் அங்கேதான் பழகினார். 1987-ல் அவர் ஒரு சிறிய டொயோட்டா காரை மலைப்பாதையில் ஓட்டிக் காட்டும் வீடியோப் படம் ஒன்று வெளிவந்தது. அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பையன்கள் தகப்பனார்களின் சாவியைத் திருடினார்களோ, நாம் அறியோம்.

பிற்பாடு இந்தக் குருவும் சீடரும் ஒரே வண்டியில் ஓடினார்கள். 1995-ல் பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடந்த இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில், தகஹாஷி, ட்ஸுச்சியா, அகிரா ஈடா என்ற மூவரும் ஒரு ஹோண்டா காரை மாறி மாறி ஓட்டித் தங்கள் வகுப்பில் முதலாவதாக வந்தார்கள். சறுக்குவதில் பெயர் பெற்ற இருவர், சறுக்காமல் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடி ஜயித்தார்கள் என்பதை நண்பரின் பிள்ளைக்கு நாம் இரண்டு தரம் அழுத்திச் சொன்னோம்.

அதே 1995-ல் ஜப்பானில் இனிஷியல் டி என்ற சித்திரக்கதை வாரப் பத்திரிகை ஒன்றில் ஆரம்பமாகியது. எழுதி வரைந்தவர் ஷுயிச்சி ஷிகெனோ. கதாநாயகன், சோயாப் பாலைத் திரித்துக் கட்டும் 'டோஃபு' வியாபாரியின் மகன். விடியற்காலையில் மலைமேல் இருக்கும் விடுதிக்குச் சரக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவது அவன் வேலை. டோஃபு உடையக்கூடாது என்பதற்காகத் தகப்பன் காரில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, அது சிந்தாமல் ஓட்டு என்கிறான். அப்படி ஓட்டியே பையன் மகா வித்தைக்காரனாகிவிடுகிறான். உலகம் முழுவதும் வாலிபர்கள் இந்தக் கதையில் சொக்கிப் போனார்கள். நம் பையனும் சொக்கியவன்தான். கதையில் வருகிறவனும் விடியற்காலையில் போகிறான். இவனும் விடியற்காலையில் போனான். தம்ளர் தண்ணீரை மட்டும் மறந்துவிட்டான்.

கதை இனிமையாயிருக்கலாம். அந்த மலையடிவாரங்களில் குடியிருந்தவர்களுக்கு இனிமையாயில்லை. நடுநிசியில் டயர் அலறுகிற சப்தத்தில் குழந்தைகள் எப்படித் தூங்கும்? எதிரே வருகிறவன் கதி என்ன? பள்ளத்தில் விழுந்த பையன்களும் உண்டு. ஆகவே போலீஸார் காவல் போட்டார்கள். பல கணவாய்களில் சாலையின் நடுவே கம்பங்கள் நட்டார்கள். திருப்பங்களில் தார்மேல் மேடு மேடாக வரம்பு கட்டினார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், இந்த விளையாட்டைப் பூட்டிய மைதானத்துக்குள் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. 1980-களின் இறுதியில் மோட்டார் பத்திரிகைக்காரர்களும் ட்ஸுச்சியாவும் சேர்ந்து போட்டிகள் வைக்க ஆரம்பித்தார்கள். 2000-ம் வருஷத்தில் தொழில்முறை வீரர்களுக்கான போட்டி வரிசை தொடங்கிற்று. டி-1 என்று அதற்குப் பெயர். அது கடல் கடந்து 2003-ல் அமெரிக்காவுக்கும் போயிற்று. 2017-ல் உலக மோட்டார் பந்தய சம்மேளனமே டோக்கியோவில் டிரிஃப்ட் கோப்பை ஒன்றை நடத்தியது. ஆனால் நமக்கு இந்தப் பெரிய மனிதர் சமாசாரத்தைவிட, சாதாரண ஆசாமிகள் கூடுகிற சின்னப் போட்டிகளே அதிக ருசியாயிருக்கின்றன.

ஃபுகுஷிமா ஜில்லாவில் நிஹோன்மட்ஸு என்ற ஊரையடுத்த மலையில் எபிசு மைதானம் இருக்கிறது. ஒரே மலைச்சரிவில் பல ஓட்டப் பாதைகள். அடுத்த வேலிக்கு அப்பால் மிருகக்காட்சித் தோட்டம். அதில் சிங்கம் உள்பட இருக்கின்றன. ராத்திரி உறுமுவது சிங்கமா, சில்வியா காரா என்று தெரியாது போலிருக்கிறது! இங்கே வருஷத்தில் சில தடவை 'மட்ஸுரி' நடக்கும். மட்ஸுரி என்றால் திருவிழா. கோயில் உத்ஸவத்துக்குச் சொல்கிற அதே வார்த்தை. பகலெல்லாம் ஓட்டி, இரவிலும் ஓட்டி, வண்டிக்குள்ளேயே தூங்கி, மறுநாளும் ஓட்டுகிறார்கள்.

வருகிறவர்கள் யார்? பட்டறை வேலைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், கல்லூரி மாணவர்கள். கொண்டுவருகிற வண்டிகள் பெரும்பாலும் பழசு. 1983 முதல் 1987 வரை டொயோட்டா செய்த ஏஈ-86 என்ற ரகமும், 1988-ல் வந்த நிஸ்ஸான் சில்வியாவும் இவர்களுக்கு உயிர். பம்பர் உடைந்தால் பிளாஸ்டிக் பட்டையால் தைத்துக்கொள்கிறார்கள். நான்கு டயரும் நல்லதாக வாங்க யாருக்கும் கட்டாது; அதனால் முன்பக்கம் நல்ல டயர், பின்பக்கம் தேய்ந்த டயர். பின் டயர் எப்படியும் புகையாகப் போகிறது. திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிகம் சுழலவும் உள் சக்கரம் குறைவாகச் சுழலவும் இடம் கொடுக்கிற பற்சக்கரப் பெட்டி ஒன்று பின் அச்சில் உண்டு. அதை அப்படியே விட்டால், ஒரு சக்கரம் பிடிப்பு இழந்தவுடனே எஞ்சினின் பலமெல்லாம் அதற்கே போய் வீணாகும். இதற்கென்று விற்கிற விசேஷ உறுப்பு விலை அதிகம். பணமில்லாதவர்கள் அந்தப் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் செய்துவிடுகிறார்கள்! இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும், சேர்ந்தே சறுக்கும். சாதாரணச் சாலையில் திரும்பும்போது அந்த வண்டி முனகிக்கொண்டே திரும்பும்.

போட்டி நாளில் முதலில் காலையில் எல்லாரையும் நிறுத்தி விதிகளைச் சொல்கிறார்கள். கொடி காட்டினால் என்ன செய்யவேண்டும், வண்டி நின்றுபோனால் உள்ளே இருக்கவேண்டுமா, வெளியே வரவேண்டுமா என்றெல்லாம். அரைக்கைச் சட்டை போட்டவனுக்கு உள்ளே இடமில்லை. பழகியவர்கள் ஒரு கோஷ்டி, புதியவர்கள் ஒரு கோஷ்டி. இருவரையும் ஒன்றாக விடுவதில்லை. பிறகு ஒவ்வொருவராக ஓடவேண்டும். நீதிபதிகள் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கே சறுக்கத் தொடங்கினான், எவ்வளவு வேகத்தில் நுழைந்தான், எவ்வளவு கோணம் சாய்ந்தான், வைத்திருக்கும் குறிகளின் ஓரமாக வண்டியின் மூக்கையும் வாலையும் கொண்டுபோனானா என்று பார்த்து மார்க்கு இடுகிறார்கள். நேராகப் போய்விட்டால் சைபர். சாய்வு அதிகமாகிச் சுழன்று நின்றுவிட்டாலும் சைபர். ஒரு பக்கம் பயந்தாங்கொள்ளித்தனம், இன்னொரு பக்கம் பேராசை. இரண்டுக்கும் ஒரே மார்க்கு என்பது வாத்தியார் உத்தியோகம் பார்க்கிற நமக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

நீதிபதிகளின் அபிப்பிராயம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்ற சச்சரவு இங்கேயும் உண்டு. டி-1 போட்டிக்காரர்கள் 2012 முதல் வண்டிக்குள் ஒரு கருவியை வைத்து, வேகத்தையும் கோணத்தையும் அளந்து மார்க்கிடச் செய்தார்கள். கருவி பாரபக்ஷம் காட்டாது, வாஸ்தவம். ஆனால் ஒரே மாதிரி மார்க்கு வாங்குகிற இரண்டு ஓட்டங்களில் ஒன்றைப் பார்த்துக் கூட்டம் எழுந்து நிற்கிறது. மற்றொன்றைப் பார்த்துக் கடலை கொறிக்கிறது. இதற்குக் கருவி என்ன செய்யும்? விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்கும்.

தனி ஓட்டத்தில் தேறியவர்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து விடுவதுதான் உச்சகட்டம். முன்னே போகிறவன் தன் பாதையைச் சுத்தமாகச் சறுக்கிக் காட்டவேண்டும். பின்னே போகிறவன் அவன் கதவை உரசுகிற தூரத்தில், அவன் சாய்வுக்கு ஏற்ற சாய்வோடு, அவன் திரும்பும்போது திரும்பி ஒட்டிக்கொண்டே போகவேண்டும். முந்திப் போவது இதில் காரியம் இல்லை. பிறகு இடம் மாற்றி இன்னொரு ஓட்டம். புகையினால் முன் வண்டி பாதி மறைந்திருக்கிறது. அது எந்தக் கணத்திலும் சுழன்று குறுக்கே நிற்கலாம். இப்படி ஓட வேண்டுமானால், முன்னே போகிறவன் தான் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்வான் என்று பின்னே வருகிறவன் நம்பவேண்டும். கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பர், மகன் மேலுள்ள கோபத்தை மறந்து, "ஐயோ, இடிக்கப் போகிறான்!" என்று கத்திவிட்டார். இடிக்கவில்லை. இரண்டாவது தரமும் போடச் சொன்னவர் அவர்தான்.

எபிசுவின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. 2021 பிப்ரவரி 13-ந் தேதி இரவு ஃபுகுஷிமா கடலோரத்தில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. மலைச்சரிவு இடிந்து, மண்ணும் மரங்களும் ஓட்டப் பாதையின் மேல் சரிந்து மூடிக்கொண்டன. மண்ணை வாரி அப்புறப்படுத்தி, மீண்டும் அங்கே வண்டிகளை ஓடவிட்டார்கள்.

இதெல்லாம் சரி, வீண் செலவுதானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வீண் செலவுதான். ஒரு நாளைக்கு இத்தனை டயர் எரித்துப் புகை விடுவதை நாம் புண்ணிய காரியம் என்று சொல்லவில்லை. பெட்ரோலும் ஆகாசத்திலிருந்து பொழியவில்லை. இந்த ஆக்ஷேபத்துக்கு நம்மிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் பையன்கள் வேகத்தை விரும்புவார்களா, மாட்டார்களா என்று நம்மை யாரும் கேட்டுக்கொண்டு பிறப்பதில்லை. எங்கே வைத்து விரும்புவது என்பதில்தான் பெரியவர்களுக்குக் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. யுத்தம் முடிந்த பிறகு அதிலே மோட்டார் பந்தயம் வைத்தார்கள். 1950-களிலிருந்து பல வருஷ காலம், பட்டறையில் தாங்களே பழுது பார்த்துக் கூர் தீட்டிய ஃபியட் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே ஓடின. ஜனங்கள் வெயிலில் நின்று பார்த்தார்கள். பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானமே கட்டினார்கள், 1990-ல் திறந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இன்னொன்று இருக்கிறது. பந்தயக் கார்கள் கட்டிப் பெயர் பெற்ற கரிவரதனின் ஞாபகமாக அதற்குப் பெயர். மைதானங்கள் இருக்கின்றன என்பது வாஸ்தவம். நண்பரின் பிள்ளையைப் போல, தகப்பனாரின் கார் ஒன்றைத் தவிர வேறு கதியில்லாத பையன் அங்கே உள்ளே போய் ஒரு நாள் பழகிவிட்டு வருவதற்கு எவ்வளவு வழி இருக்கிறது என்பது வேறு கேள்வி. எபிசுவில் நம்மை மயக்கியது சிங்கமும் புகையும் அல்ல. உடைந்த பம்பரோடு வருகிறவனுக்கும் வாசல் திறந்திருக்கிறது என்பதுதான். சனிக்கிழமை இரவுகளில் நம் கடற்கரைச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுகிற பையன்களைப் பிடித்து அபராதம் போடுகிற செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம், இப்போது நமக்கு அந்த வாசல் ஞாபகம் வருகிறது.

உபதேசத்தை எதிர்பார்த்து வந்த நண்பர் கடைசியில், "என்ன ஸார், ஒன்றும் சொல்லவில்லையே!" என்றார். பையனிடம் நாம் சொன்னது ஒன்றே ஒன்று. மறுநாள் காலை நாலே முக்கால் மணிக்கு அந்தக் கம்பத்தடிக்குப் போய்ப் பால்காரரைப் பார்த்து, நடந்தது என்ன என்பதை அவன் வாயாலேயே சொல்லவேண்டும். தகப்பனார் கூடப் போகக்கூடாது.

போனான். திரும்பி வந்து நம்மிடம் சொன்னான். பால்காரர் கேன் மூடியைத் திறந்தபடியே முழுவதையும் கேட்டாராம். கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, எனக்கு ரெண்டு பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பால் அளக்க ஆரம்பித்துவிட்டாராம்.

வண்டி பட்டறையிலிருந்து வந்துவிட்டது. சாவி இப்போது நண்பரின் மனைவியாரிடம் அஞ்சறைப் பெட்டியில், சீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பத்தை இன்னும் நிமிர்த்தவில்லை. பால்காரர் நாலு வீடு தள்ளி அடுத்த கம்பத்தடியில் கேன்களை இறக்குகிறார்.